கோரைத்திரியும் ஏழையின் இரவும்

1. முன்னுரை

ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவோர், அரசர்தம் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் ஆராயும் அளவிற்கு அம்மக்களின் வீட்டு விளக்கை ஆராய்வதில்லை. பொழுது சாய்ந்த பின்னர் ஓர் எளிய குடும்பம் எத்துணை நேரம் ஒளி பெற்றிருந்தது, அவ்வொளிக்கு அஃது என்ன விலை கொடுத்தது, அவ்விளக்கை யார் கைகள் செய்தன என்னும் வினாக்கள் சிறியன போலத் தோன்றினும், மக்களின் உழைப்பையும் ஓய்வையும் கல்வியையும் அளந்து காட்டும் ஆற்றல் உடையன.

தமிழ் ஆராய்ச்சியாளர்க்கு இத்தகைய வினாக்கள் புதியன அல்ல. நெடுநல்வாடையில், மாலைப் பொழுதில் இரும்பால் இயன்ற விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தும் மகளிரை நாம் காண்கிறோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள் விடப்பட்டமையையும், அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டமையையும் காண்கிறோம். இலக்கியம் விளக்கின் வடிவைக் காட்டுகின்றது. கல்வெட்டு அதன் செலவைக் காட்டுகின்றது. வடிவும் செலவும் செய்தார் கையும் ஆகிய மூன்றும் ஒருங்கே ஓர் ஏட்டில் அமைவது அரிது.

அங்ஙனம் அமைந்த ஏடு ஒன்று ஆங்கில உரைநடையில் உண்டு. இங்கிலாந்தின் தென்பகுதியாகிய ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த சமயகுருவும் இயற்கை நூலறிஞருமாகிய கில்பர்ட் ஒயிட் (1720-1793) 1775ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிட்டு டெய்ன்ஸ் பாரிங்டன் என்பார்க்கு எழுதிய கடிதமே அது. சிற்றூர் மக்கள் தம் வீட்டிலேயே கோரையையும் கொழுப்பையும் கொண்டு விளக்குத்திரி செய்யும் முறையை அக்கடிதம் விரித்துரைக்கின்றது. செலவைக் காசு கணக்காக எண்ணிக் காட்டுகின்றது. இறுதியில் மிகவும் வறியோர்மீது ஒரு குற்றமும் சாட்டுகின்றது. அக்கணக்கு எத்துணை மெய்யானது, அக்குற்றச்சாட்டு அக்கணக்கினின்று பிறக்குமா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

ஆராய்ச்சியுள் புகுமுன் ஒரு சொல்லைத் தெளிவு செய்து கொள்ளல் வேண்டும். நாம் மெழுகுவத்தி என்றும், ஈழத் தமிழர் மெழுகுதிரி என்றும் வழங்கும் சொல், அப்பொருள் மெழுகால் ஆயது என்னும் எண்ணத்தைத் தருகின்றது. ஐரோப்பிய நாடுகளிலோ பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலான மக்கள் எரித்த வத்தியில் மெழுகு இல்லை. தேன்மெழுகால் ஆகிய வத்தி திருக்கோயில்களுக்கும் செல்வர் மாளிகைகளுக்கும் உரியதாய் இருந்தது. மற்றையோர் ஆடு மாடுகளின் கொழுப்பை உருக்கிச் செய்த வத்தியையே எரித்தனர். இலண்டன் மாநகரில் இவ்விரு தொழிலாளரும் வெவ்வேறு சங்கத்தாராகவே இருந்தனர். கொழுப்புவத்தி வணிகர் சங்கம் 1462ஆம் ஆண்டிலும், மெழுகுவத்தி வணிகர் சங்கம் 1484ஆம் ஆண்டிலும் அரச உரிமைப் பட்டயம் பெற்றன. ஆகவே இக்கட்டுரையில் கொழுப்பால் ஆயதைக் கொழுப்புவத்தி என்றும், கோரையின் உட்சோற்றைத் திரியாகக் கொண்டு வீட்டில் செய்யப்பட்டதைக் கோரைத்திரி என்றும் வழங்குவோம்.

தமிழகத்திலும் தேன்மெழுகு பண்டே அறியப்பட்ட பொருள்தான். செப்புத் திருமேனிகளை வார்ப்போர் முதலில் மெழுகால் உருச் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்து உலோகத்தைப் பெய்வர். எனினும் விளக்கெரிக்க மெழுகும் கொழுப்பும் இங்கு வேண்டப்படவில்லை. எள்ளும் இலுப்பையும் ஆமணக்கும் எண்ணெய் தரும் நாட்டில் அகல் விளக்கே இயல்பாயிற்று. மேலும் விலங்குக் கொழுப்பு 40 முதல் 50 பாகை வெப்பத்திற்குள் உருகிவிடும் இயல்பினது. நம் கோடையில் அது வத்தியாக நிமிர்ந்து நிற்றல் எளிதன்று. குளிர் நாடாகிய இங்கிலாந்தில் அது கெட்டியாய் நிற்கும். எனவே அங்குக் கொழுப்பே திரிக்கு உடையும் உணவும் ஆயிற்று.

3. சான்றுகள்

கோரைத்திரி பற்றிய சான்றுகள் மூன்றனை ஈண்டுக் கொள்கிறோம். முதலாவது, மேற்குறித்த ஒயிட்டின் கடிதம். இது 1789ஆம் ஆண்டினதாக வெளிவந்த அவருடைய செல்போர்ன் இயற்கை வரலாற்று நூலில் இடம்பெற்றுள்ளது. இரண்டாவது, வில்லியம் காபெட் 1821, 1822 ஆகிய ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்ட 'குடிசைப் பொருளியல்' என்னும் நூல். காபெட் உழவர் குடியிற் பிறந்து, பின்னர் அரசியல் எழுத்தாளராய் விளங்கியவர். அவர் பிறந்த பார்னம் என்னும் ஊர் செல்போர்னுக்கு அணித்தே உள்ளது. மூன்றாவது, தோட்டக்கலையில் பெரும்புகழ் பெற்ற கெர்ட்ரூட் ஜீக்கில் அம்மையார் 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பழைய மேற்குச் சரே' என்னும் நூல். மறைந்துகொண்டிருந்த சிற்றூர்ப் பொருள்களைத் தேடித் தொகுத்த அவ்வம்மையார், கோரைத்திரி செய்யும் முறையை முதுமை எய்திய குடிசைவாழ் நண்பர் ஒருவர் வாயிலாகக் கேட்டு எழுதினார்.

இம்மூன்றும் ஒன்றற்கொன்று அடுத்த நிலப்பகுதியைச் சார்ந்தவை. ஏறக்குறைய 130 ஆண்டு இடைவெளியைத் தழுவியவை. ஒருவர் சமயகுரு, ஒருவர் உழவர் மகன், ஒருவர் செல்வக் குடியிற் பிறந்த பெண்மணி. இவர்தம் நோக்கங்கள் வேறுபடினும் செய்முறை பற்றிய கூற்றுகள் பெரிதும் ஒத்திருக்கின்றன. ஆகவே அச்செய்திகளை நம்பலாம்.

4. செய்முறை

இதற்குப் பயன்பட்ட செடி, தாவர நூலார் ஜங்கஸ் எஃப்யூசஸ் என வழங்கும் மென்கோரை ஆகும். நம் நாட்டில் பாய் முடைதற்குரிய கோரை வேறு குடும்பத்தது. உருவ ஒப்புமை பற்றியே இதனையும் கோரை என்கிறோம். ஈரமான மேய்ச்சல் நிலங்களிலும், நீரோடைக் கரைகளிலும், வேலிகளின் அடியிலும் இது வளரும் என்பர் ஒயிட். நடுக்கோடையில் இது மிக நன்னிலையில் இருக்கும். எனினும் இலையுதிர் காலம் வரையிலும் கொய்யலாம். நீண்டனவும் பருத்தனவும் சிறந்தவை.

கொய்த கோரையை உடனே நீரில் இடல் வேண்டும். இல்லையேல் அது காய்ந்து சுருங்கி, தோல் உரிபடாது. அடுத்துத் தோலுரித்தல். கோரையின் உள்ளே நெட்டிபோல் மென்மையும் வெண்மையும் உடைய சோறு இருக்கின்றது. அச்சோறே திரி. தோல் முழுவதையும் களைந்துவிட்டால் சோறு நில்லாது முறிந்துவிடும். தோலை மிகுதியாக விட்டாலோ கொழுப்பு உள்ளே செல்லாது. ஆதலின் அடிமுதல் நுனிவரை ஒரே சீரான மெல்லிய தோற்கீற்று ஒன்றை மட்டும் விட்டு, ஏனையவற்றை உரித்தல் வேண்டும். காபெட், தோலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை விடுமாறு கூறுவர்.

முதன்முறை செய்வார்க்கு இஃது எளிதன்று. பழகிய பின் சிறுவர்க்கும் கைவரும் என்கின்றார் ஒயிட். இவ்விடத்தில் அவர் ஒரு செய்தியைக் குறிக்கின்றார். இரு கண்ணும் முற்றும் இழந்த மூதாட்டி ஒருத்தி இத்தொழிலை மிக விரைவாகவும் பெரும்பாலும் பிழையின்றியும் செய்தலைத் தாம் கண்டதாகக் கூறுகின்றார். உழைப்பாற்றல் குன்றிய முதியோரும் பெண்டிரும் சிறுவருமே கோரை கொய்து உரிக்கும் தொழிலைச் செய்தனர் என்றும் எழுதுகின்றார். ஒளியைத் தாம் காண இயலாத ஒருத்தி பிறர் வீட்டு ஒளிக்குத் திரி உரித்தாள் என்னும் இச்செய்தியை யாம் பின்னரும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

உரித்த கோரையைப் புல்லின்மேல் பரப்பிச் சில இரவுகள் பனியில் நனையவிட்டு வெளுக்கச் செய்து, பின்னர் வெயிலில் உலர்த்துவர். அதன்பின் கொதிக்கும் கொழுப்பில் தோய்த்தெடுப்பர். இதற்கென்றே படகு வடிவில் நீண்டு, கால்கள் பொருந்திய இரும்புச் சட்டி ஒன்று இருந்தது. கோரை நீளமானது, வட்டச் சட்டியில் அது முழுதும் அமிழாது என்பதே அவ்வடிவிற்குக் காரணம்.

கொழுப்பு எங்கிருந்து கிடைத்தது? ஹாம்ப்ஷயர் உழைப்பாளி ஒருவனின் சிக்கனமுடைய மனைவி, உப்பிட்ட பன்றியிறைச்சி வேகும் பானையில் மிதக்கும் கொழுப்பை வழித்துச் சேமிப்பதனால் அது காசின்றியே கிடைக்கும் என்பர் ஒயிட். அதில் உப்பு மிகுந்திருப்பின், இளஞ்சூடான அடுப்பில் வைத்து உப்பை அடியிற் படியச் செய்வாள். தேனீ வளர்ப்போர் சிறிது மெழுகைக் கலந்தால் திரி உறுதியும் தூய்மையும் பெற்று நீண்டு எரியும். ஆட்டுக் கொழுப்பும் அத்தகைய பயன் தரும். ஜீக்கில் அம்மையாரிடம் பேசிய முதியவரும் ஆட்டுக் கொழுப்பே சிறந்தது, அதுவே கெட்டியாக உலரும் என்றார். குழிந்த மரப்பட்டையில் தம் தாயார் திரிகளை உலர வைத்ததையும் அவர் நினைவு கூர்ந்தார். காபெட்டும், தோய்த்த திரிகளை மரப்பட்டையில் இட்டுச் சுவரில் பொருத்திவைத்தலைக் கூறுகின்றார். எண்பது ஆண்டு இடைவெளியுடைய இரு கூற்றுகள் ஒரு மரப்பட்டையில் வந்து பொருந்துவது, இச்சான்றுகளின் உண்மைக்கு மற்றோர் உறுதியாகும்.

எரிக்கும்போது திரியைக் குறடு போன்ற இரும்புத் தாங்கியில் சாய்வாகப் பற்றவைப்பர். தீ தாங்கியை அணுகுந்தோறும் திரியை முன்னே நகர்த்தல் வேண்டும்.

5. ஒயிட்டின் கணக்கு

ஒயிட் செய்முறையோடு நில்லாமல் எடையும் எண்ணும் கொண்டு ஆராய்ந்தார். அவர் தரும் அளவைகள் வருமாறு: உலர்ந்த கோரை ஓர் இராத்தலில் 1,600க்கு மேற்பட்ட தண்டுகள் இருந்தன. அதன் விலை ஒரு ஷில்லிங். அதனைத் தோய்க்க வேண்டிய கொழுப்பு 6 இராத்தல். கொழுப்பு இராத்தல் 4 பென்னி விலைக்குக் கிடைக்கும். ஆகவே கொழுப்பின் விலை 24 பென்னி, அதாவது 2 ஷில்லிங். இரண்டும் கூட, எரித்தற்கு ஆயத்தமான ஓர் இராத்தல் கோரையின் அடக்க விலை 3 ஷில்லிங் ஆகின்றது.

ஒவ்வொரு திரியும் சராசரி அரைமணி நேரம் எரியும் எனக் கொண்டால், 1,600 திரிகள் 800 மணி நேரம் எரியும். இது 33 முழு நாள்களுக்கு மேற்பட்ட ஒளியாகும். ஒரு ஷில்லிங்கிற்கு 12 பென்னி. ஒரு பென்னிக்கு 4 பார்த்திங். ஆகவே 3 ஷில்லிங் என்பது 144 பார்த்திங். 800 மணியை 144ஆல் வகுத்தால், ஒரு பார்த்திங்கிற்கு ஏறக்குறைய ஐந்தரை மணி நேர ஒளி கிடைக்கின்றது. அனுபவமுள்ள முதிய இல்லறத்தார் ஒருவர், ஆண்டு முழுமைக்கும் தம் குடும்பத்திற்கு ஒன்றரை இராத்தல் கோரை போதும் என்று அவரிடம் கூறினார். நீண்ட பகலுடைய கோடையில் உழைப்பாளிகள் பகலொளியிலேயே எழுந்து பகலொளியிலேயே உறங்கச் செல்வதனால் விளக்கு வேண்டப்படவில்லை.

ஒயிட் நீண்ட திரி ஒன்றை நேரில் எரித்தும் பார்த்தார். 2 அடி நாலரை அங்குல நீளமுடைய அத்திரி 57 நிமிடங்கள் எரிந்தது. அதாவது 28½ அங்குலம் 57 நிமிடங்களில் எரிந்திருக்கின்றது. நிமிடத்திற்குச் சரியாக அரை அங்குலம் என்பது இதனால் பெறப்படுகின்றது. பத்து நிமிடங்களுக்கு ஐந்து அங்குலம் தேயும் விளக்கை நகர்த்துதற்கு எப்போதும் ஒரு கை அருகில் இருத்தல் வேண்டும் என்பதையும் நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

இக்கணக்கில் பிழை இல்லை. யாம் ஒவ்வொரு படியையும் மீட்டுக் கணித்துப் பார்த்தோம். அவர் கூறிய முடிவே கிடைக்கின்றது.

6. வரியும் விலக்கும்

இவ்வளவு எளிதாகக் கொழுப்பு கிடைக்குமாயின், சிற்றூர் மக்கள் பருத்தி நூலைத் திரியாக்கி, பன்முறை தோய்த்துப் பருமனான வத்தியையே வீட்டில் செய்திருக்கலாகாதோ என்னும் வினா எழும். அதற்கு விடை ஒயிட்டின் கடிதத்தில் இல்லை. இங்கிலாந்தின் சட்ட வரலாற்றில் இருக்கின்றது.

1709ஆம் ஆண்டில், ஆன் அரசியார் காலத்தில், வத்திகளின்மீது வரி விதிக்கப்பட்டது. அவ்வரியைத் தவறாது தண்டுதற்பொருட்டு, உரிமம் பெற்று வரி செலுத்தாமல் வீடுகளில் வத்தி செய்தல் தடை செய்யப்பட்டது. எனினும் ஒரு விலக்கு அளிக்கப்பட்டது. தம் வீட்டுப் பயனுக்காக, விற்பனைக்கன்றி, ஒரே முறை கொழுப்பில் தோய்த்தெடுத்த சிறு கோரைத்திரிகளுக்கு வரி இல்லை. இவ்வரி 1831ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்படும் வரையில், ஒரு நூற்றாண்டிற்கு மேலாக நிலைத்திருந்தது. நம் மூன்று சான்றுகளுள் முதலிரண்டும் இக்காலத்தனவே.

இச்செய்தி கோரைத்திரியின் வடிவத்தையே விளக்கிவிடுகின்றது. ஒருமுறை தோய்த்தால் அது கோரைத்திரி. பன்முறை தோய்த்தால் அது வரிக்குரிய வத்தி. அத்திரி மெல்லியதாய் இருந்ததற்குக் கைத்திறனும் சிக்கனமும் மட்டுமே காரணம் அல்ல, சட்டமும் காரணம். காபெட், வத்திகளை நாமே செய்துகொள்ள நமக்கு உரிமை அளிக்கப்படவில்லை என்று வெளிப்படையாகவே எழுதுகின்றார். தாம் பெரும்பாலும் கோரைத்திரி ஒளியில் வளர்ந்தவர் என்றும், ஏறக்குறைய 90 ஆண்டு வாழ்ந்த தம் பாட்டி தம் வீட்டில் வத்தி என்பதையே எரித்திருக்கமாட்டார் என்றும் கூறி, வரி செலுத்தி வாங்கும் ஒளியைக் காட்டிலும் வரியில்லா ஒளி குறைந்ததன்று என வாதிடுகின்றார். அவர்க்குக் கோரைத்திரி ஒரு சிக்கனப் பொருள் மட்டும் அன்று. அரசின் கை எட்டாத விளக்கும் ஆகும்.

ஆகவே கோரை உரிப்போர் உலர்ந்த கோரையை விற்கலாம்; தோய்த்த திரியை வரியின்றி விற்றலாகாது. தோய்த்தல் வாங்குவோரின் வீட்டிலேயே நிகழவேண்டும். அவ்வீட்டில் சட்டியும் எரிபொருளும் கொழுப்பும் இருத்தல் வேண்டும். இவ்வுண்மை அடுத்த பகுதிக்கு இன்றியமையாதது.

7. வறியோர்மேல் ஏற்றிய குற்றம்

கடிதத்தின் இறுதியில் ஒயிட் ஒரு முடிவு கூறுகின்றார். சிறு உழவர்கள் கோரைத்திரியைப் பயன்படுத்துகின்றனர். மிக வறியோரோ நாள்தோறும் மாலையில் அரைப் பென்னிக்கு ஒரு வத்தியை வாங்குகின்றனர். காற்றுப் புகும் அவர்தம் அறைகளில் அது இரண்டு மணிக்குமேல் அதிகம் எரிவதில்லை. அதே காசிற்குக் கோரைத்திரியாயின் 11 மணி நேர ஒளி கிடைத்திருக்கும். இதற்கு அவர் கூறும் காரணம், மிக வறியோர் எப்பொழுதும் சிக்கனம் அறியாதார், அதனாலேயே அவர் மிக வறியோராய் இருந்தே தீரவேண்டும் என்பதாகும்.

இழப்பு சிறிதன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரவு நீண்ட அரையாண்டில் 180 மாலைகள் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு அரைப் பென்னியாக 90 பென்னி, அதாவது 7 ஷில்லிங் 6 பென்னி செலவாகும். கிடைப்பது 360 மணி நேர ஒளி. அதே 360 மணி நேரத்திற்குக் கோரைத்திரியின் செலவு ஏறக்குறைய 16 பென்னி மட்டுமே. அக்காலத்தில் தென் இங்கிலாந்தில் உழவுத் தொழிலாளியின் வாரக் கூலி ஏறக்குறைய 7 அல்லது 8 ஷில்லிங். வத்தி வாங்கிய வறியோன், ஒரு வாரக் கூலிக்குச் சிறிதே குறைந்த தொகையை ஆண்டுதோறும் இழந்தான் என்பது இதனால் தெளிவாகும். இந்த அளவில் ஒயிட்டின் கவலை நேரியதே.

ஆனால் காரணம் எது? ஒயிட்டின் கடிதத்தில் உள்ள செய்திகளையே மீண்டும் நோக்குவோம்.

முதலாவது, கொழுப்பு. கோரைத்திரியின் 3 ஷில்லிங் விலையில் 2 ஷில்லிங், அதாவது மூன்றில் இரு பங்கு, கொழுப்பின் விலையாகும். சிக்கனமுடைய மனைவிக்கு அது காசின்றிக் கிடைக்கும் என்று ஒயிட் கூறுவது, பன்றியிறைச்சி வேகும் பானை உடைய வீட்டை நோக்கியே ஆகும். ஆண்டிற்கு ஒன்றரை இராத்தல் கோரையைத் தோய்க்க 9 இராத்தல் கொழுப்பு வேண்டும். இறைச்சிப் பானையின் மேற்படலத்தை வழித்து 9 இராத்தல் சேர்த்தல், இறைச்சி அடிக்கடி வேகும் வீட்டிலன்றி இயலாது. காபெட்டும் உழைப்பாளி தன் குடிசையில் பன்றி வளர்த்தலை வற்புறுத்திய பின்னரே கோரைத்திரியைப் பரிந்துரைக்கின்றார். பன்றி இல்லாதவனுக்கு அவர் காட்டும் சிக்கனம் தொடங்குதற்கே இடம் இல்லை. மேலும் கொழுப்பு உண்ணும் பொருள். பசித்த வீட்டில் அது விளக்கிற்குச் செல்லுமுன் அப்பத்திற்குச் செல்லும். கடற்கரை சார்ந்த இடங்களில் மலிவான விலங்கு எண்ணெய் கிடைக்கும் என ஒயிட் ஒரு மாற்று வழி கூறுகின்றார் எனினும், செல்போர்ன் கடற்கரை ஊரன்று.

இரண்டாவது, முதல். வத்தி வாங்குவோன் நாளுக்கு அரைப் பென்னி கொடுத்தால் போதும். கோரைத்திரி வேண்டுவோன் ஓர் இராத்தலுக்கு 3 ஷில்லிங்கை முன்னரே கொடுத்தல் வேண்டும். அரை இராத்தலாயினும் 18 பென்னி. அது வாரக் கூலியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அன்றன்று பெற்று அன்றன்று உண்பார்க்கு வரும் குளிர்காலத்து இருளுக்காகக் கோடையிலேயே முதலிடுதல் எளிதன்று. சிறுகச் சிறுக வாங்குவோன் பெருகச் செலவிடுகின்றான் என்பது வாணிக உலகெங்கும் காணும் உண்மை. அஃது அவன் அறியாமையைக் காட்டுவதன்று. அவன் கையிருப்பைக் காட்டுவது.

மூன்றாவது, காலமும் நிலமும். கோரை கொய்தற்குரிய காலம் நடுக்கோடை முதல் இலையுதிர் காலம் வரை. அறுவடைக் கூலி கிடைப்பதும் பெண்டிரும் சிறுவரும் சிந்திய கதிர் பொறுக்குவதும் அப்பருவத்தில்தான். ஒளிக்காகக் கோரை கொய்யும் நாள் உணவிற்காகக் கதிர் பொறுக்காத நாளாகும். கோரை வளரும் ஈர மேய்ச்சல் நிலத்தில் அவர் இறங்குதற்கு அந்நிலம் உடையாரின் இசைவும் வேண்டும்.

நான்காவது, வீடு. வறியோரின் அறைகள் காற்றுக்குத் திறந்தன என்று ஒயிட்டே எழுதுகின்றார். பருமனான வத்தியே அக்காற்றில் விரைந்து உருகுமாயின், விரலினும் மெல்லிய கோரைத்திரி அங்கு எத்துணை நேரம் நிற்கும்? ஒரு திரிக்கு அரைமணி என்னும் சராசரி காற்றடங்கிய அறைக்கே பொருந்தும். ஒயிட் வத்தியை வறியோன் அறையில் வைத்தும், கோரைத்திரியை நல்ல அறையில் வைத்தும் ஒப்பிடுகின்றார். இரண்டும் மணிக்கு இரண்டு, பதினொன்று என நிற்கும் அவ்வொப்பீட்டில் தராசின் இரு தட்டும் ஒரு நிலையில் இல்லை.

இந்நான்கினையும் ஒருங்கு நோக்குமிடத்து, கோரைத்திரி வறுமையின் விளக்கு அன்று என்பது புலனாகும். பன்றியும் பானையும், முன்னிடும் பணமும், ஓய்ந்த கையும், காற்றடங்கிய சுவரும் உடைய எளியோரின் விளக்கு அது. அவையற்ற வறியோர்க்கு அது எட்டவில்லை. அவர் சிக்கனமின்மையால் வறியோர் ஆகவில்லை. வறியோராய் இருந்தமையின் சிக்கனம் செய்ய இயலாதவர் ஆயினர். காரணத்தையும் காரியத்தையும் ஒயிட் இடம் மாற்றி வைத்தார் என்பதே எம் கருத்து.

இவ்விடத்தில் கண்ணிழந்த மூதாட்டியை நினைவுகூர்வோம். 1,600 தண்டு உரித்த கோரையின் விலை ஒரு ஷில்லிங், அதாவது 48 பார்த்திங். ஆகவே ஒரு பார்த்திங்கிற்கு 33 தண்டுகளை உரித்தல் வேண்டும். விலை முழுவதும் அவள் கைக்கே வந்ததெனக் கொண்டாலும், அரைப் பென்னி வத்தி ஒன்றின் விலையை ஈட்ட அவள் 66 தண்டுகளைக் கொய்யக் கண்டு, நனைத்து, உரித்து, உலர்த்துதல் வேண்டும். ஒயிட் கணக்கிட்ட மலிவான ஒளியின் ஒரு பகுதி, இத்தகையோர்தம் கைகள் மிகக் குறைந்த கூலிக்கு உழைத்தமையால் விளைந்த மலிவே ஆகும். அம்மலிவைப் போற்றிய அதே கடிதம், அவளை ஒத்த வறியோரைச் சிக்கனம் அறியாதார் எனக் கூறுதல் பொருந்தாது.

8. கோரைத்திரியின் மறைவு

1831ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரி நீங்கிய பின்னர், வீட்டில் வத்தி செய்தற்கு இருந்த தடையும் நீங்கிற்று. ஆனால் அதற்குள் வத்தித் தொழிலே மாறத் தொடங்கிவிட்டது. 1825ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் காம்பசேரே பின்னல் திரியை அறிமுகப்படுத்தினார். எரியுங்கால் வளைந்து தானே சாம்பலாகும் இயல்பினதாதலின், கருகிய திரியை அடிக்கடி கத்தரிக்கும் தொல்லை ஒழிந்தது. அவ்வாண்டிலேயே செவ்ரூல், கேலுசாக் என்னும் வேதியியலறிஞர்கள் கொழுப்பினின்று பிரித்த அமிலங்களால் வத்தி செய்தற்கு உரிமை பெற்றனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் விளக்கும் பாரபின் வத்தியும் மலிந்தன. ஜீக்கில் அம்மையார் 1904ஆம் ஆண்டில் எழுதியபோது கோரைத்திரி முதியோர் நினைவிலும், அவர் தொகுத்த இரும்புத் தாங்கிகளிலுமே எஞ்சியிருந்தது.

ஆகவே வரி நீக்கத்தால் கோரைத்திரிக்குப் புதுவாழ்வு வரவில்லை. தடை இருந்த காலத்தில் தடையின் இடுக்கில் தழைத்த அது, தடையும் தேவையும் ஒருங்கே நீங்கியபோது மறைந்தது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்த உண்மைகள் வருமாறு: கோரைத்திரி, இங்கிலாந்துச் சிற்றூர் மக்கள் தம் சூழலில் கிடைத்த கோரையையும் கொழுப்பையும் கொண்டு செய்த நுண்ணிய வீட்டுத் தொழில்; அதன் மெல்லிய வடிவம் கைத்திறனோடு வரிச்சட்டத்தாலும் அமைந்தது; ஒயிட்டின் கணக்கு சரியானது; அக்கணக்கின்மீது அவர் கட்டிய குற்றச்சாட்டு அவர் தரும் சான்றுகளாலேயே மறுக்கப்படுகின்றது.

இதனால் ஒயிட்டின் பெருமை குறைவதில்லை. கோரையை எண்ணி, கொழுப்பை எடையிட்டு, விளக்கின் அருகில் அமர்ந்து நிமிடங்களைக் கணித்து, கண்ணிழந்த கிழவியின் கைகளையும் கண்டு எழுதியவர் அவரே. அவர் எழுதியிராவிடின், அவரை மறுத்தற்குரிய சான்றும் நமக்குக் கிட்டியிராது. நூலாசிரியர் கண்டு கூறும் செய்தியையும், அதன்மேல் அவர் கூறும் தீர்ப்பையும் வேறுபிரித்து நோக்கல் வேண்டும் என்னும் ஆராய்ச்சி நெறிக்கு இக்கடிதம் ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

தமிழக வரலாற்றை ஆராய்வார்க்கும் இதில் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. சாவா மூவாப் பேராடுகளால் எரிந்த கோயில் விளக்கின் கணக்கு கல்லில் நின்றது. அவ்வாடுகளை மேய்த்த இடையன் குடிலில் எரிந்த விளக்கின் கணக்கைக் கல்வெட்டுகள் பேசுவதில்லை. அக்குடிலில் எண்ணெய் எத்துணை நாள் இருந்தது, எந்நாளில் விளக்கேற்றாமலே உறங்கினர் என்னும் வினாக்களோடு நம் இலக்கியங்களையும் வழக்காறுகளையும் முதியோர் நினைவுகளையும் அணுகுவோமாயின், செல்போர்னில் ஒரு சமயகுரு செய்த அளவைப் பணியை நாமும் இங்குத் தொடங்கியவர் ஆவோம். அங்ஙனம் தொடங்குங்கால் அளவையில் அவரைப் பின்பற்றுதலும், தீர்ப்பில் அவரினும் பொறுமை உடையராதலும் வேண்டும்.